ரத்த குரூப்பும் நோய் அபாயமும்: உங்கள் எழுத்தை வைத்து எதைக் கவனிப்பது, எதை விடுவது

ஓ குரூப்புக்கு மாரடைப்பு வராது, ஏ குரூப்புக்கு வயிற்றில் புற்றுநோய் வரும், பி குரூப்புக்குச் சர்க்கரை நிச்சயம். இப்படி ஒற்றை வரிச் செய்திகள் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஏதோ ஓர் உண்மையான ஆய்வு இருக்கிறது. அதில் இருந்த எண் மட்டும் கை மாறும்போது எங்கோ கழன்று விழுந்துவிடுகிறது. எண் இல்லாமல் "அதிகம்", "குறைவு" என்று சொன்னால் 5 சதவீதமும் 80 சதவீதமும் ஒரே மாதிரிதான் கேட்கும். அந்த எண்ணை மறுபடி பொருத்திப் பார்க்கும் முறையையும், பார்த்தபின் செய்ய வேண்டியதையும் கீழே சொல்கிறோம்.

முதலில், உங்கள் குரூப் அதுதானா?

பழைய அட்டையில் எழுதியிருக்கும் குரூப்பை அப்படியே நம்ப வேண்டாம். கூட்டமாக நிற்கவைத்து விரலில் குத்திப் பார்த்த முடிவாக இருந்தால் தவறு நேர வாய்ப்பு உண்டு. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே பிசகும் என்பதும் புரியும்.

ஒரு வெள்ளை ஓடு அல்லது கண்ணாடித் தகடு. அதில் மூன்று இடத்தில் மூன்று சொட்டு மருந்து: நீல நிறத்தில் இருப்பது ஆன்டி-ஏ, மஞ்சள் ஆன்டி-பி, நிறமே இல்லாதது ஆன்டி-டி (பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டுவது இதுதான்). ஒவ்வொன்றோடும் ஒரு சொட்டு ரத்தம் சேர்த்து, தனித்தனிக் குச்சியால் கலக்கி, தகட்டை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்து ஆட்டுவார்கள். பொருந்தும் இடத்தில் ரத்தம் பால் திரிவதுபோலத் திரிந்து, சிவப்பு மணலாகப் பிரியும். பொருந்தாத இடத்தில் ஒரே சீரான சிவப்பாகவே இருக்கும். நீலத்திலும் நிறமற்றதிலும் திரிந்து, மஞ்சளில் திரியாவிட்டால் ஏ பாசிட்டிவ். எதிலுமே திரியாவிட்டால் ஓ நெகட்டிவ்.

இரண்டு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். தாமதித்தால் சொட்டின் ஓரம் காய்ந்து, அந்தக் காய்ந்த விளிம்பு திரிந்ததுபோலக் கண்ணை ஏமாற்றும். ஒரே குச்சியை மூன்றிலும் விட்டாலும் முடிவு கெட்டுப்போகும். பாசிட்டிவ் ஆக்கும் டி குறி வலுக்குறைந்து உள்ளவர்களின் ரத்தம் தகட்டில் திரியாமலே இருந்து, நெகட்டிவ் என்று எழுதப்பட்டுவிடும்.

ஆகவே ஒருமுறையாவது ஆய்வகத்தில் குழாய் முறையிலோ ஜெல் முறையிலோ பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இரு பக்கமும் சோதிப்பார்கள். உங்கள் சிவப்பணுவில் எந்த ஆன்டிஜென் (அணுவின் மேலுள்ள அடையாளக் குறி) இருக்கிறது என்பது ஒரு பக்கம். உங்கள் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், எந்த எதிர்ப்பொருள் இருக்கிறது என்பது மறுபக்கம். ஏ குரூப்காரர் பிளாஸ்மாவில் ஆன்டி-பி இருந்தாக வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் தெரியும்வரை முடிவு எழுத மாட்டார்கள். பிறந்த குழந்தைக்கு இந்த மறுபக்கச் சோதனை பயன்படாது. சொந்த எதிர்ப்பொருள் உருவாகவே சில மாதங்கள் ஆகும். பிறந்த அன்று குறித்த குரூப்பைப் பின்னால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது என்பது இதனால்தான்.

குரூப் ஆயுளுக்கும் மாறாது என்பதற்கும் விதிவிலக்கு உண்டு. வேறு குரூப்காரரிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவருக்கு, சில மாதங்களில் சிவப்பணு கொடையாளியின் குரூப்புக்கு மாறிவிடும். சில ரத்தப் புற்றுநோய்களில் ஏ ஆன்டிஜென் மங்கிப்போய், ஏ குரூப்காரர் ஓ போலத் தெரிவதும் உண்டு.

ஒரு சர்க்கரைத் துணுக்கு இவ்வளவு செய்வது எப்படி

ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் வகை பிரித்துக் காட்டிய இந்த எழுத்துகள் உண்மையில் சர்க்கரைத் துணுக்குகளைத்தான் குறிக்கின்றன. கிட்டத்தட்ட எல்லோருக்கும் அடியில் எச் என்ற சங்கிலி இருக்கிறது. 9ஆவது குரோமோசோமில் உள்ள ஏபிஓ மரபணு ஒரு நொதியைச் செய்கிறது. ஏ வகை நொதி அந்தச் சங்கிலி நுனியில் ஒரு விதச் சர்க்கரையை ஒட்டும். பி வகை நொதி இன்னொரு விதத்தை ஒட்டும். ஓ வகையில் மரபணுவின் ஓர் எழுத்து விடுபட்டுப்போனதால் நொதி வேலை செய்வதில்லை. எச் சங்கிலி மொட்டையாகவே நிற்கிறது.

இந்தத் துணுக்கு சிவப்பணுவில் மட்டும் ஒட்டுவதில்லை. ரத்தக் குழாயின் உள்சுவர், குடலின் உள்பூச்சு, ரத்தம் உறைய உதவும் சில புரதங்கள், பெரும்பாலானோரின் எச்சில் என்று பல இடங்களில் இருக்கிறது. குரூப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு முக்கியமாக இந்த இடங்கள் வழியாகத்தான் வருகிறது. ஆகவே ஒரு செய்தியைக் கேட்டவுடன், "இது எந்த இடத்துச் சர்க்கரை?" என்று கேட்டுப் பாருங்கள். உறைவு, குடல், கிருமி ஒட்டும் இடம் ஆகிய மூன்றில் ஒன்றோடாவது சேர்ந்தால் மேலே படிக்கலாம். குணாதிசயம், கல்யாணப் பொருத்தம் என்று போனால் மூடிவிடலாம்.

சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

பலர் தவறுவது இங்கேதான். "80 சதவீதம் அதிகம்" என்றால் நூற்றில் எண்பது பேருக்கு வரும் என்று பொருள் கொள்கிறார்கள். அந்த எண் இன்னொரு குழுவோடு ஒப்பிட்டது. எவ்வளவிலிருந்து எவ்வளவு கூடியது என்பதை அது சொல்வதே இல்லை. மாற்றும் வழி இது:

1. அந்த நோய் சாதாரணமாக எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்தில் வருகிறது என்று பாருங்கள். ஆண்டுக்கா, பத்தாண்டுக்கா, ஆயுள் முழுவதற்குமா என்பதைச் சேர்த்தே குறியுங்கள்.
2. ஆய்வு யாரை அடிப்படையாக வைத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓ குரூப்பை 1 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிடுவார்கள். சில ஆய்வுகள் ஒரு குரூப்பை மீதி எல்லோரோடும் ஒப்பிடும்.
3. பெருக்கி, 10,000 பேரில் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.
4. அதே தாளில் புகை, எடை, ரத்த அழுத்தம் போன்ற ஒன்றின் பெருக்கத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

காலின் ரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைவதை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிறது. ஓ அல்லாதவர்களுக்கு ஓ குரூப்பைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு. 20,000 பேரில் பாதி ஓ, பாதி மற்றவர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு வரும் 20 பேரில் ஏறத்தாழ 7 பேர் ஓ பக்கம், 13 பேர் மறுபக்கம். பத்தாயிரம் பேருக்கு ஆறு பேர் வித்தியாசம். மறுபக்கத்திலும் மீதி 9,987 பேருக்கு அந்த ஆண்டு எதுவுமே நடக்கவில்லை. ரத்த குரூப் தொடர்புகளிலேயே வலுவான ஒன்றின் கணக்கே இப்படி என்றால், 5, 10 சதவீதச் செய்திகளின் எடையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஏ, பி, ஏபி: உறைவு பக்கம் கண் வையுங்கள்

காரணம் தெளிவாகத் தெரிந்த தொடர்பு இது. ரத்தத்தில் வான் வில்பிராண்ட் காரணி என்று ஒரு புரதம் ஓடுகிறது. குழாய் கிழிந்தால் தட்டணுக்களை அந்த இடத்தில் ஒட்டவைப்பதும், எட்டாம் உறைகாரணியைச் சுமந்து திரிவதும் அதன் வேலை. ஏ அல்லது பி சர்க்கரை ஒட்டியிருந்தால் இந்தப் புரதம் ரத்தத்திலிருந்து சீக்கிரம் அப்புறப்படுவதில்லை. சர்க்கரை இல்லாத ஓ குரூப்பில் சீக்கிரம் வெட்டுப்பட்டுக் கழிந்துவிடும். ஓ குரூப்பில் இதன் அளவு மற்றவர்களைவிட 25 முதல் 30 சதவீதம் வரை குறைவு. 1987இல் வந்த, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வில், இயல்பை 100 என்று வைத்த அளவில், சராசரிகள் ஓவுக்கு 75, ஏவுக்கு 106, பிக்கு 117, ஏபிக்கு 123 என்று படிப்படியாக ஏறின.

ஒரு நுணுக்கம். ஏ குரூப்பிலும் ஏ1, ஏ2 என்று உட்பிரிவு உண்டு. ஏ2வின் நொதி சோம்பேறி, குறைவாகவே ஒட்டும். உறைவு விஷயத்தில் ஏ2 கிட்டத்தட்ட ஓ மாதிரிதான். சாதாரண ஆய்வக முடிவில் இந்தப் பிரிவு இருக்காது. இதற்காகத் தனிப் பரிசோதனைக்கு ஓடவும் தேவையில்லை. "ஏ என்றால் இவ்வளவு" என்ற எண் எல்லா ஏ குரூப்காரருக்கும் ஒன்றுபோலப் பொருந்தாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

சும்மா இருக்கும்போது குரூப் மட்டும் பெரிதாக எதுவும் செய்யாது. இன்னொன்று சேரும்போதுதான் கவனிக்க வேண்டும். இடுப்பு, முழங்கால் போன்ற பெரிய அறுவைக்குப் பிந்தைய வாரங்கள், கால் கட்டுப்போட்டுப் படுத்திருக்கும் காலம், கர்ப்பமும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடங்கிய முதல் மாதங்கள், புற்றுநோய்ச் சிகிச்சை, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாத பயணம். ரத்தம் எளிதில் உறையச் செய்யும் ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற பரம்பரை மாற்றமும் உள்ளவர் ஓ அல்லாதவராக இருந்தால் அபாயம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்.

இப்படிப்பட்ட நேரத்தில் செய்ய வேண்டியவை சுருக்கமானவை. அறுவைக்கு முன் மருத்துவரிடம், பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது ஐம்பது வயதுக்குள் ரத்தம் உறைந்ததா என்பதை முதலில் சொல்லுங்கள். குரூப்பை அடுத்துச் சொல்லலாம். குடும்ப வரலாற்றின் எடை அதிகம். மாத்திரை தொடங்கும்போதும் அப்படியே. குரூப் ஏ என்பதற்காக மட்டும் மாத்திரையை மறுப்பதோ, உறைவுத் தடுப்பு மருந்து கொடுப்பதோ மருத்துவ நடைமுறையில் இல்லை. நீண்ட பயணத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நடங்கள். முடியாவிட்டால் குதிகாலைத் தரையில் ஊன்றிப் பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசையுங்கள். ஆடுதசை சுருங்கினால்தான் காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும். ஆஸ்பிரினை நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒரு கால் மட்டும் வீங்கினால் அளந்து பாருங்கள். முழங்கால் சிப்பிக்குக் கீழே, முன்பக்க எலும்பில் கைக்குத் தட்டுப்படும் மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி ஒரு குறி வையுங்கள். இரண்டு காலிலும் அதே இடத்தில் நாடாவைச் சுற்றுங்கள், இறுக்காமல். வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அன்றே டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டியது. குறைவாக இருந்தாலும் வலி, சூடு, சிவப்பு இருந்தால் காட்டுங்கள். வீங்கிய ஆடுதசையைத் தேய்த்து விடாதீர்கள். உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், ரத்தம் கலந்த இருமல் வந்தால் அளக்க நேரமில்லை. நேராக அவசரப் பிரிவு.

ஓ குரூப்: கசிவும் குடல் புண்ணும்

உறைவு குறைவு என்றால் கசிவு கொஞ்சம் கூடும் என்பது அதே காசின் மறுபக்கம். ஜப்பானில் இரண்டு அவசரச் சிகிச்சை மையங்களில் கடுமையாகக் காயம்பட்ட 901 பேரைப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஓ குரூப்பில் 28 சதவீதமும் மற்றவர்களில் 11 சதவீதமும் இறந்திருந்தனர். ஒரே நாட்டின் சிறிய ஆய்வு. இதை எல்லா ஊருக்கும் சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் கசிவின் பக்கம் ஒரு சாய்வு இருப்பது உயிரியல் கணக்கோடு ஒத்துப்போகிறது.

அன்றாட வாழ்வில் இது வெளிப்படுவது மாதவிலக்கில், பல் பிடுங்கியபின், பிரசவத்தில். நாப்கினை ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டியிருப்பது, இரண்டரை சென்டிமீட்டரைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது ஆகியவை "எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான்" என்று விட வேண்டியவை அல்ல. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம்.

மேலே சொன்ன புரதம் குறைவதால் ரத்தம் அதிகம் கசியும் வான் வில்பிராண்ட் நோய்க்கான பரிசோதனையில் இரண்டு குழப்பம் அடிக்கடி வரும். முதலாவது, இந்தப் புரதம் காய்ச்சல், பதற்றம், உடற்பயிற்சி, கர்ப்பம் ஆகியவற்றில் தற்காலிகமாக ஏறும். ஊசிக்குப் பயந்து நடுங்கிக்கொண்டு கொடுத்த ரத்தத்தில் அளவு சரி என்று வந்தால் அதையே முடிவாகக் கொள்ளக்கூடாது. அமைதியான இன்னொரு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது, "ஓ குரூப்புக்கு இது சகஜம்" என்று சொல்லித் தாழ்ந்த அளவைத் தள்ளிவிடுவது. 30க்குக் கீழே இருந்தால் நோய்தான். 50க்குக் கீழே இருந்து கசிவும் இருந்தால் அப்போதும் நோய் என்றே இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஓ குரூப்புக்கென்று தனி அளவுகோல் வைப்பதில்லை. கசிவு வந்தால் அது கசிவுதான், எந்தக் குரூப்பாக இருந்தாலும்.

குடல் புண் ஓ குரூப்பில் கூடுதல் என்பது 1954லேயே பதிவானது. அதற்கு ஓராண்டு முன்னால், 1953இல், அதே பிரிட்டிஷ் குழு இரைப்பைப் புற்றுநோய் ஏ குரூப்பில் ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல் என்று எழுதியிருந்தது. இந்த இரண்டு நோயிலும் கூட்டாளி ஒரே கிருமி: ஹெலிகோபாக்டர் பைலோரி. அந்தக் கிருமியை அழித்துவிட்டால் இரண்டு குரூப்காரருக்கும் அபாயம் இறங்குகிறது. குரூப்பை மாற்ற முடியாது, கிருமியை ஒழிக்க முடியும். எங்களைக் கேட்டால் இந்த முழு விஷயத்திலும் காசுக்குப் பலன் தரும் இடம் இதுதான்.

நீடித்த வயிற்றெரிச்சலோ, முன்பு புண் வந்த வரலாறோ, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இரைப்பைப் புற்றுநோயோ இருந்தால் யூரியா மூச்சுச் சோதனை அல்லது மலச் சோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும் (மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள்). நிறுத்தாமல் செய்தால் கிருமி அமுங்கிக் கிடந்து "இல்லை" என்று பொய் முடிவு வரும். சிகிச்சை முடிந்து நான்கு வாரமாவது கழித்து, ஒழிந்துவிட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். பலர் இந்தக் கடைசிச் சோதனையைத்தான் விட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது. கிருமி போனபிறகும் அது பாசிட்டிவ் காட்டிக்கொண்டிருக்கும்.

மூட்டுவலிக்கு ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தினமும் விழுங்கும் ஓ குரூப்காரருக்குப் புண், கசிவு இரண்டும் ஒரே பக்கம் சேர்கின்றன. மாத்திரை தொடர்ந்தே ஆக வேண்டுமென்றால் இரைப்பையைக் காக்கும் மாத்திரையும் சேர்த்து எழுதித்தரக் கேளுங்கள். தார்போலக் கறுத்து, ஒட்டும் பதத்தில், கெட்ட நாற்றத்தோடு மலம் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது. இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும். ஆனால் அது கெட்டியாக, ஒட்டாமல் இருக்கும். சந்தேகம் இருந்தால் காத்திருக்காதீர்கள்.

இதயம், பக்கவாதம், சர்க்கரை, கணையம்

இவற்றில் எண்கள் சிறியவை, அதனால் வேகமாகப் போகலாம். அமெரிக்காவில் ஏறத்தாழ 90,000 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து 2012இல் வெளியிட்ட கணக்கில், ஓவோடு ஒப்பிட்டால் இதயக் குழாய் நோய் ஏபியில் ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல். பி அதற்குக் கீழே. ஏவில் வித்தியாசம் மிகச் சிறிது. பத்தாண்டில் நூற்றில் 10 பேருக்கு வரும் அபாயமுள்ள குழுவில் ஏபி ஆனால் 12. புகை பிடித்தால் அந்த 10 ஏறத்தாழ இரட்டிக்கும். 60 வயதுக்குள் வரும் பக்கவாதம் ஏ குரூப்பில் 16 சதவீதம் கூடுதல், ஓவில் 12 சதவீதம் குறைவு என்று 2022இல் பெரிய மரபணுத் தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. 60க்குப் பிறகு வரும் பக்கவாதத்தில் இந்த வித்தியாசம் தேய்ந்துவிடுகிறது. இளவயதில் உறைவுதான் பெரிய காரணம், முதுமையில் குழாய் தடிப்பது என்பதோடு இது ஒத்துப்போகிறது. பிரான்சில் 80,000க்கு மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்த 2014 ஆய்வில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஏவில் 10 சதவீதமும் பியில் 21 சதவீதமும் கூடுதல். இடுப்புச் சுற்றளவு இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம் சொல்லும்.

கணையப் புற்றுநோயில் எண்கள் பயமுறுத்தும்: 2009இல் வந்த ஆய்வில் ஓவோடு ஒப்பிட்டால் ஏ 32, ஏபி 51, பி 72 சதவீதம் கூடுதல். மேலே சொன்ன முறையில் மாற்றிப் பாருங்கள். ஓ குரூப்பில் ஆயிரம் பேரில் ஆயுள் முழுவதும் 13 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், ஏவில் 17, பியில் 22. பி குரூப்பில் மீதி 978 பேருக்கு வராது. குரூப்பைக் காரணம் காட்டிக் கணையத்தை ஸ்கேன் செய்யச் சொல்லும் வழிகாட்டுதல் எதுவும் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல், உடல் பருக்காமலே திடீரென்று சர்க்கரை வந்து எடையும் குறைந்தால் எந்தக் குரூப்பாக இருந்தாலும் கணையத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தொற்றுகளில்

மலேரியாவில் ஓ குரூப்புக்கு உண்மையான அனுகூலம் இருக்கிறது. கடும் மலேரியாவைத் தரும் ஃபால்சிபாரம் கிருமி புகுந்த சிவப்பணு, தன்னைச் சுற்றி நல்ல அணுக்களை ரோஜா இதழ்போல ஒட்டவைத்துக்கொள்ளும். அந்தக் கொத்து மூளையின் நுண்குழாய்களை அடைக்கும்போதுதான் நிலைமை மோசமாகிறது. ஏ, பி சர்க்கரை அந்த ஒட்டுக்குப் பசை. ஓவில் கொத்து தளர்ந்துபோகும். மாலி நாட்டுக் குழந்தைகளிடம் 2007இல் பார்த்ததில் ஓ குரூப்பில் கடும் மலேரியாவின் வாய்ப்பு 66 சதவீதம் குறைந்திருந்தது. குறைவது கடுமைதான், தொற்று குறைவதில்லை. மலேரியாப் பகுதிக்குப் போகும் ஓ குரூப்காரரும் தடுப்பு மாத்திரை, கொசுவலை இரண்டையும் விடக்கூடாது; திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் ரத்தத்தில் மலேரியா பார்க்க வேண்டும்.

காலராவில் கதை தலைகீழ். ஓ குரூப்காரருக்குத் தொற்று வந்தால் கடுமையாகிறது. செய்ய வேண்டியது எல்லோருக்கும் ஒன்றே, ஓவுக்கு இன்னும் சீக்கிரம்: ஓஆர்எஸ் பொட்டலம். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்தது. உப்பு கூடினால் ஆபத்து, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

கொரோனாவில் 2020இல் ஏ குரூப்புக்கு அபாயம் கூடுதல், ஓவுக்குக் குறைவு என்று வந்த கண்டுபிடிப்பு பின்னாளில் பெரிய தொகுப்புகளிலும் நின்றது. பெரும்பாலும் தொற்று பிடிப்பதில்தான் வித்தியாசம், அதுவும் சிறியது. தடுப்பூசி போடுவதா என்ற முடிவில் இதற்கு இடமே இல்லை.

குரூப்புக்கு ஏற்ற உணவு

குரூப்பைப் பார்த்து ஒருவருக்கு இறைச்சி, இன்னொருவருக்குக் காய்கறி என்று பிரிக்கும் உணவுமுறையைப் பின்பற்றிப் பலர் இளைத்திருக்கிறார்கள், உண்மைதான். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1,455 பேரை வைத்து 2014இல் இதைச் சோதித்தார்கள். ஏ குரூப்புக்கான காய்கறி உணவை ஒத்துச் சாப்பிட்டவர்களுக்கு எடையும் ரத்த அழுத்தமும் இறங்கித்தான் இருந்தன. ஆனால் அவர்கள் ஏவாக இருந்தாலும் ஓவாக இருந்தாலும் ஒரே அளவு இறங்கியது. வேலை செய்தது உணவு, எழுத்து அல்ல.

ஆர்எச் நெகட்டிவ் தாய்

இதுவரை சொன்னவை எல்லாம் சாய்வுகள்தாம். ரத்த குரூப்பே நேரடியாகச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் இடம், ரத்தம் ஏற்றுவதையும் உறுப்பு மாற்றையும் விட்டால், கர்ப்பம். ஆர்எச் என்பது குரூப்பின் பாசிட்டிவ், நெகட்டிவ் பகுதி. தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவத்தில் குழந்தையின் சிவப்பணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்து, தாயின் உடல் ஆன்டி-டி எதிர்ப்பொருளைச் செய்யக் கற்றுக்கொள்ளும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிக்கும். அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே போய் உடைக்கும்.

முதல் வருகையிலேயே குரூப்போடு, தாயின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் மறைமுகக் கூம்ப்ஸ் சோதனையும் செய்ய வேண்டும். எதிர்ப்பொருள் இல்லை என்றால் 28ஆவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி. குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. பல நாடுகளில் அளவு 300 மைக்ரோகிராம். கருச்சிதைவு, கருக்கலைப்பு, குழாயில் கரு தங்குவது, வயிற்றில் அடிபடுவது, இடையில் ரத்தப்போக்கு ஆகியவற்றுக்குப் பிறகும் ஊசி வேண்டுமா என்று உடனே கேளுங்கள். கை நழுவுவது பெரும்பாலும் இங்கேதான். கர்ப்பம் பாதியில் நின்ற துக்கத்தில் யாரும் குரூப்பை நினைப்பதில்லை. 72 மணி தாண்டிவிட்டாலும் கேட்டுப் பாருங்கள், பத்து நாள்வரை ஓரளவு பலன் கிடைக்கலாம். எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகிவிட்டால் மட்டும் ஊசி பயன்படாது. அந்தக் கர்ப்பத்தை அதற்கென்று தேர்ந்த மருத்துவர் கண்காணிக்க வேண்டும்.

தாய் ஓ, குழந்தை ஏ அல்லது பி என்றாலும் சிறிய அளவில் இதே மோதல் நடக்கும், முதல் குழந்தைக்கும். பெரும்பாலும் லேசானது; ஒளிச் சிகிச்சையில் சரியாகும். இங்கே கணக்கு மணி நேரத்தில். பிறந்து 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சள் காமாலை எப்போதுமே இயல்பானதல்ல. பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியிலும் பிறகு மார்பிலும் விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுப்பதற்குப் பதில் மஞ்சளாகத் தெரிந்தால், மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் நிறமியின் அளவைப் பார்க்க வேண்டும். மாநிறக் குழந்தைகளுக்குத் தோலில் ஏமாற்றும். ஈறையும் கண் வெள்ளையையும் பாருங்கள். மஞ்சள் தொப்புளுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, குழந்தை பால் குடிக்க எழாமல் துவண்டிருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் இரவோடு இரவாகக் கொண்டுபோங்கள்.